பகலில் குடிக்காத தண்ணீர்

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். கிளினிக் கொப்பி வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"நேத்து ராத்திரி மட்டும் அஞ்சு தடவ எந்திரிச்சேன்க்கா. கக்கூஸு லயத்து வீடுகளுக்குப் பின்னால பள்ளத்துல. டோர்ச் புடிச்சுக்கிட்டே போகணும்."

"சீனி வருத்தமா இருக்குமோ?"

"அப்படித்தான் பயந்தேன். ரத்தம் பாத்தாங்க, சீனி இல்லையாம். பகல்ல தண்ணி குடிக்கிறீங்களான்னு டொக்டர் கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"மலையில கொழுந்து எடுக்கையில ஒரு சொட்டு குடிக்கமாட்டேன், வீட்டுக்கு வந்துதான் ஒரு போத்தல் தண்ணி, ரெண்டு கோப்பை தேத்தண்ணின்னேன். அதுதான் காரணமாம். பகல்ல குடிச்சிட்டு, பொழுது சாஞ்சா குறைக்கணுமாம்."

"அப்ப குடியேன்."

"குடிச்சா மலையில எங்கக்கா ஒதுங்குறது? மேல கங்காணி நிக்கிறாரு. ராத்திரியில கக்கூஸாவது இருக்கு."