செல்லாது என்று நான் சொன்ன கைநாட்டு

தலைமைப் பீடத்தைத் தம் தகைமையால் அழகுசெய்து வீற்றிருக்கும் வன்னியனார் அவர்களே! வாவிக்கு இக்கரையிலிருந்தும் அக்கரையிலிருந்தும் வந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! கோயில் வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் மரைக்காயர்மாரே! எழுத்தறிவித்து ஏற்றம் தரும் ஆசிரியப் பெருமக்களே! எல்லாருக்கும் மேலாக, பெற்று வளர்த்து, பிள்ளைக்குக் காலைச் சோறு கொடுக்க வழியில்லாத நாளிலும் தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்பிவைக்கும் தாய்மாரே! உங்கள் முன்னிலையில் தலை தாழ்த்தி நிற்கிறேன். சபை வழக்கம் கருதித் தாழ்த்தவில்லை. நிமிர்த்த முடியாமல் தாழ்த்தி நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் என்னைக் கல்விக் காவலன் என்றார். கோணாமலைப் போடியார் கல்விச் சபையில் இருக்கும்வரை இந்தப் பாடசாலையில் மத்தியான அடுப்பு அணையாது என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளில் பாதி, தம் பிள்ளைக்கு நான் என்ன சோறு போட்டேன் என்று அறியாத கைகள். மீதிப் பாதி, அறிந்தும் போடியாருக்கு அஞ்சித் தட்டிய கைகள். எதைக் கேட்க எனக்குக் கூடுதல் வெட்கமாக இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஓம் அம்மா, பின்னால் கேட்கவில்லை என்கிறீர்கள், விளங்குகிறது. உரத்துப் பேசுகிறேன். இன்றைக்கு உரத்துத்தான் பேச வேண்டும்.

காய்ச்சல் வந்து ஊர்களை உலுக்கிப் போட்ட பிறகு, அரசாங்கம் பாடசாலைகளில் மத்தியானச் சோறு கொடுக்கத் தொடங்கியது. அடுப்பெரியாத வீடுகளிலிருந்து அகரம் படிக்க வந்த அறுபத்திரண்டு பிள்ளைகள் நம் வாவிக்கரைப் பாடசாலையில் அந்தச் சோற்றை நம்பி இருந்தார்கள். அதற்கு அரிசி வாங்கும் பொறுப்பு இவ்வட்டாரக் கல்விச் சபைக்கு. அரிசி வாங்கும் குழுவுக்குத் தலைவன் யார்? இதோ நிற்கும் நான்.

எப்படி வாங்க வேண்டும்? அரசாங்கக் கந்தோரில் ‘டெண்டர்’ என்பார்கள், நாம் கேள்விப்பத்திரம் என்கிறோம். தோணித்துறையிலும் சந்தையிலும் அறிவித்தல் ஒட்ட வேண்டும். விருப்பமுள்ள எவரும் தம் விலையை எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துப் பெட்டியில் போடலாம். குறித்த நாளில், குறித்த மணிக்கு, எல்லாரும் பார்த்திருக்கப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு விலையையும் உரத்து வாசிக்க வேண்டும். தேர்வானவர் மாதிரிக்குத் தந்த அரிசியை முத்திரையிட்டுத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும், பிறகு வந்திறங்கும் மூடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஏன் இத்தனை கட்டு, இத்தனை காவல்? வயல் வைத்திருக்கும் போடியார் நான். என் நெற்பட்டறையில் கிடக்கும் என் நெல்லை நான் விரும்பியவருக்கு அளக்கலாம், விரும்பாதவருக்கு மறுக்கலாம். பாடசாலைச் சோறு என் நெல்லா? அது ஊரின் சோறு! ஊரின் சோற்றுக்கு உறவு கிடையாது, உரிமை உண்டு! பெரிய வீட்டுக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் ஒரே வாசலால் வரவேண்டும் என்பதற்கே அந்த உறை, அந்த அரக்கு, அந்தப் பெட்டி!

அழகாகச் சொன்னேன் அல்லவா? அந்த அழகை நான் எப்படி அசிங்கமாக்கினேன் என்று இனிக் கேளுங்கள்.

தை மாதத்தில் ஒரு நாள், காலை பத்து மணி. கந்தோர் மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். நான்கு உறைகள் வந்திருந்தன. ஒன்று என் மனைவியின் தம்பி அழகரத்தினத்தினுடையது. இன்னொன்று ஓட்டமாவடி ஸைனம்பு என்பவருடையது. கணவன் மௌத்தாகி விதவையான பிறகு, தன்னைப் போன்ற நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு உரலில் நெல் குத்தி அரிசி விற்றுப் பிழைக்கிறவர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் நிலையோடு ஒதுங்கி நின்றார். உறைகளை உடைத்து வாசித்தோம். ஒரு கொத்து அளவுக்கு ஒரு சதக் காசு குறைவாக, எல்லாரிலும் குறைந்த விலை அவருடையது. மாதிரிப் பையை அவிழ்த்தோம். மணி மணியான சிவப்புக் குத்தரிசி, தவிட்டு வாசம் மாறாத அரிசி. கல்லில்லை, நெல்லில்லை. அந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம்.

தேத்தண்ணி குடிக்க எழுந்தோம். விறாந்தையில் அழகரத்தினம் என் காதோரம் வந்தார்.

“அத்தான், அந்தப் பொம்புளைக்கு எழுதத் தெரியா. கைநாட்டுத்தான் வெச்சிரிக்கா. கையெழுத்தில்லாத பத்திரம் செல்லாதெண்டு சொல்லுங்க. ஆர் கேக்கப் போறாங்க?”

கையெழுத்துத்தான் வேண்டும் என்று விதி எங்கேயாவது இருந்ததா? இல்லை. எனக்குத் தெரியுமா? தெரியும். அறிவித்தலை எழுதியவனே நான்! ஆனாலும் உள்ளே போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “கைநாட்டு வைத்த கேள்விப்பத்திரம் செல்லாது.”

குழுவில் ஏழு பேர். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் வெற்றிலையை மடித்தார். வாய் திறந்தது ஸைனம்பு மட்டும்தான்.

“போடியார், என்ட காணி உறுதியில இரிக்கிறதும் கைநாட்டுத்தான். என்ட கல்யாணப் பதிவில வெச்சதும் கைநாட்டுத்தான். அதெல்லாம் செல்லுது. புள்ளைகளுக்குக் குடுக்கிற அரிசிக்கு மட்டும் செல்லாதா?”

சபையோரே! எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன், எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன். அந்தக் கேள்வி என்னை மடக்கியது. மடங்கியவன் என்ன செய்வான்? அதட்டுவான். நானும் அதட்டினேன். “இது கந்தோர் விசயம், உனக்கு விளங்காது” என்றேன். அவர் மேசைவரை நடந்து வந்து, சிந்திக் கிடந்த நாலு மணி அரிசியையும் பொறுக்கிப் பையில் போட்டு முடிச்சிட்டுக்கொண்டு போனார். விளங்காதவர் அவரல்லர். எல்லாம் விளங்கித்தான் போனார். ஒப்பந்தத்தை அழகரத்தினத்துக்குக் கொடுத்தேன்.

யாரது, “மச்சினனை விட்டுக் குடுக்கிறதா” என்று கேட்பது? தம்பி, நான் யாரையும் விட்டுக்கொடுக்க வரவில்லை. அழகரத்தினம், எழும்பிப் போக வேண்டாம், இருங்கள். நீங்கள் கேட்டீர்கள், கேட்பது உங்கள் ஆசை. கொடுத்தவன் நான். மறுக்க வேண்டிய நாற்காலியில் இருந்துகொண்டு கொடுத்தவன் நான்!

சரி, கொடுத்தேனே, பிறகாவது காவல் காத்தேனா? முத்திரையிட்டு வைக்க வேண்டிய அழகரத்தினத்தின் மாதிரிப் பை என்ன ஆனது தெரியுமா? நல்ல அரிசி என்று என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமைத்தோம், சாப்பிட்டோம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கத் தக்கவன்தான். ஆனால் அந்தப் பை என் வயிற்றுக்குள் போனதால், பாடசாலையில் இறங்கிய மூடைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி அரிசிகூட இல்லாமல் போயிற்று.

இறங்கியது என்ன அரிசி? மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த அரிசி. வண்டு ஓடும் அரிசி. தலைமையாசிரியர் வினாயகமூர்த்தி அவர்கள் இரண்டு கடிதம் எழுதினார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, இரண்டும் கிடைத்தன. இரண்டையும் வாசித்தேன். இரண்டையும் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சித்திரையில் பாடசாலை இன்ஸ்பெக்டர் வந்தார். நானும் கூடப் போனேன். மத்தியான மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அறுபத்திரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொரு பேர். மற்றவர்கள் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இது மீன்பிடிக் காலம், தகப்பனோடு தோணியில் போயிருப்பார்கள் என்றேன். பொய். அந்தச் சோறு ஒத்துக்கொள்ளாமல் வராதவர்கள் அவர்கள். “சோறு எப்படி?” என்று கேட்டார். ஒரு தட்டு வாங்கி, ஒரு பிடி வாயில் வைத்தேன். நாக்கில் பட்டதும் நாற்றம் மூக்கில் ஏறியது. முப்பத்தொரு பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்ல சோறு” என்றேன்.

அப்போதுதான் சமையற்காரி அன்னப்பூரணி அகப்பையோடு வந்தார். என் தட்டில் இன்னும் இரண்டு அகப்பை போட்டார். மூன்றாவதும் போட்டார்.

“நல்லாரிக்கு எண்டீங்களே போடியார். வயிறு நிறையத் திண்ணுங்க” என்றார்.

தின்றேன். இன்ஸ்பெக்டர் பார்த்திருக்க, பிள்ளைகள் பார்த்திருக்க, கடைசிச் சோறுவரை தின்றேன். அவர் குறிப்பெழுதிக்கொண்டு போனதும் கிணற்றடிக்குப் பின்னால் ஓடி எல்லாவற்றையும் கக்கினேன். நிமிர்ந்தபோது அன்னப்பூரணி செம்பில் தண்ணீரோடு நின்றார்.

“நீங்க ஒரு நாளைக்குத்தான் போடியார். இந்தப் புள்ளைகள் மூணு மாசம்” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “அக்கரை இலட்சுமிப்பிள்ளை இந்தச் சோத்தைத் திண்டு வயித்தோட்டத்தில பதினெட்டு நாளா ஆசுபத்திரியில கிடக்கிறாள். ஏழு வயசு. மூணு தரம் கழுவித்தான் வடிக்கிறன். கழுவினா நாத்தம் போகுதில்லையே, நான் என்ன செய்ய?” என்று அழுதார்.

இலட்சுமிப்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், அது கடவுளின் கருணை, என் புண்ணியமல்ல. அவளுடைய தகப்பன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். “போடியாரே பார்க்க வந்திரிக்காரு” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். நான் கொண்டுபோன தோடம்பழத்தை இரண்டு கையாலும் வாங்கினார். சபையோரே, அவர் என்னை அடித்திருக்கலாம்! அடித்திருந்தால் அன்றே கொஞ்சம் ஆறியிருப்பேன்! அவர் நன்றி சொன்னார்!

அடுத்த நாள் ஓட்டமாவடிக்குப் போனேன். பட்டப்பகல். ஸைனம்புவின் முற்றத்தில் உலக்கைச் சத்தம். என்னைக் கண்டதும் மற்றப் பெண்கள் நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. வாசற் படலையடியில் நின்றபடி, “தங்கச்சி, நான் செய்தது பிழை. மன்னிக்க வேண்டும். மறுபடி உங்களிடமே அரிசி வாங்க ஒழுங்கு செய்கிறேன்” என்றேன்.

உலக்கை நின்றது.

“அண்டைக்கு அந்தக் கந்தோரில எத்தின பேர் இருந்தாங்க போடியார்?”

“முப்பது பேர் வரும்.”

“இங்க நாங்க அஞ்சு பேர். முப்பது பேருக்கு முன்னால செல்லாதெண்டு சொன்னத்த, அஞ்சு பேருக்கு முன்னால செல்லுமெண்டு சொன்னா, அது செல்லுமா?” என்றார். மறுபடி உலக்கையை எடுத்துக்கொண்டு, “மறுகா இன்னொண்டு. எனக்கு ஒழுங்கு செய்து தரவேணாம். அண்டைக்கு அவருக்கு ஒழுங்கு செஞ்சீங்க, இண்டைக்கு எனக்கா? ரெண்டும் ஒண்டுதானே” என்றார்.

கேட்டீர்களா? கைநாட்டு வைக்கிற பெண்! விதி இன்னதென்று எனக்கு எடுத்துச் சொன்னார். அறிவித்தல் எழுதிய நான் மறந்ததை, நெல்லுக் குத்துகிறவர் நினைவில் வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனதுகூட, இன்னொரு சலுகையை நீட்டிக்கொண்டு போனதாகத்தான் இருந்தது. குற்றத்தையும் தனிவழியில் செய்து, பரிகாரத்தையும் தனிவழியில் செய்யப் பார்த்தேன். பொதுவழி என் கண்ணுக்குப் படவேயில்லை!

அதனால்தான் இங்கே நிற்கிறேன். அன்று முப்பது பேர், இன்று முந்நூறு பேர். கேளுங்கள்: ஓட்டமாவடி ஸைனம்பு அவர்களின் கேள்விப்பத்திரம் செல்லும்! அது அன்றும் செல்லத்தக்கதாகவே இருந்தது! செல்லாதது என் தீர்ப்பு! செல்லாதது என் நாவு! செல்லாதது அந்த நாற்காலியில் நான் இருந்த இருப்பு!

வேண்டாம், தயவு செய்து தட்ட வேண்டாம். பிழையை ஒப்புக்கொண்டதற்குக் கைதட்டல் வாங்கினால் அதுவும் ஒரு களவாகிவிடும்.

இன்று காலை என் பதவி விலகல் கடிதத்தைத் தலைவர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டருக்கும் உண்மையை எழுதிவிட்டேன். அவர் என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்பேன். பழைய ஒப்பந்தம் நீக்கப்பட்டது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய கேள்விப்பத்திரங்கள் திறக்கப்படும். கந்தோரில் அல்ல, இந்த மண்டபத்தில், கதவெல்லாம் திறந்திருக்க. ஸைனம்பு அவர்கள் மறுபடி விலை கொடுப்பாரா? கேட்டனுப்பினேன். “பாப்பம்” என்று மட்டும் சொல்லியனுப்பினார். கொடுக்காமல் விட்டாலும் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

தாய்மாரே! உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை வாருங்கள். பின்னால் நிற்காதீர்கள், முன்னால் வந்து உட்காருங்கள். அரிசியைக் கையில் அள்ளிப் பாருங்கள், மணந்து பாருங்கள், விலையை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் விளங்கும்வரை கேளுங்கள். ‘இது கந்தோர் விசயம்’ என்று எவனாவது அதட்டினால், ‘இது எங்கட புள்ளைகளின் சோறு’ என்று திருப்பிச் சொல்லுங்கள்! அன்று அந்த மண்டபத்தில் உங்களில் பத்துப் பேர் இருந்திருந்தால், நான் இந்தப் பாவத்தைச் செய்யத் துணிந்திருப்பேனா?

நானும் வருவேன். மேடைக்கல்ல. வாசலுக்கு வெளியே, வெயிலில் நிற்பேன். பிள்ளைகளுக்கு அந்தச் சோற்றைப் போட்டவன் இவனா என்று எந்தத் தாய் கேட்டாலும், ஓம், நான்தான் என்று சொல்வதற்காக நிற்பேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, எழும்பிப் போகாமல் இருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. என்னைப் பேசவிட்ட தலைவர் அவர்களுக்கு நன்றி. அகப்பையோடு வந்த அன்னப்பூரணிக்கு நன்றி. உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம், என் ஸலாம். திங்கட்கிழமை, காலை பத்து மணி.