எழில்மொழி இணைத்த இரண்டு லைப்ரரிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் உழவர் கூட்டமைப்பின் தலைவர் ஐயாவு அவர்களே, எழில்மொழி அம்மையாரை இழந்து நிற்கும் குடும்பத்தாரே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் குத்தாலத்து உழவர் பெருமக்களே, வணக்கம். நான் ரசியா பேகம். கூட்டமைப்பின் கணினிப் பிரிவில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அழுது முடித்துவிட்டேன். இப்போது எனக்குக் கோபம்தான் இருக்கிறது.

என்ன செய்தார் எழில்மொழி? மழையைக் கணக்கிட ஒரு லைப்ரரி, செயற்கைக்கோள் படத்தில் விளைச்சலைப் பார்க்க இன்னொரு லைப்ரரி. யார் யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்ட கணினி நிரல் தொகுப்புகள் அவை. நிவாரணம் கேட்கப் பயிர்ச் சேதத்தைக் கணக்கிட, அவற்றை நிறுவி, சேர்த்து ஓட்டினார். வெள்ளத்தில் அழுகிய சம்பாவுக்குச் சேதமே இல்லை என்று வந்தது. "மெஷின் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் தலைவர். "வயல்ல தண்ணி நின்னதை நான் பார்த்தேங்க ஐயா" என்றார் எழில்மொழி.

பிழை எங்கே இருந்தது? அந்த லைப்ரரிகளுக்கு ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது. நம் சம்பாவோ புரட்டாசியில் நட்டு, தையில் அறுப்பது. கார்த்திகை வெள்ளம் ஓராண்டிலும் தை மகசூல் மறு ஆண்டிலும் போய் விழுந்திருந்தன. இரண்டையும் நடவு நாளிலிருந்து எண்ணும்படி இணைத்தார் அம்மையார். சேதம் தெரிந்தது, நிவாரணம் வந்தது. இல்லை என்று சொல்ல இங்கே யாராவது உண்டா?

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. நடவு முதல் அறுவடை வரை எங்கள் கணினியில் எதையும் புதுப்பிக்கக் கூடாது. ஒரு லைப்ரரி புதிதானால் மற்றது முரண்டு பிடிக்கும். "பயிர் நிக்கையில கை வைக்காதீங்க" என்பார்.

அவருக்குப் பால் தெளித்த மறுநாளே தலைவரிடமிருந்து உத்தரவு வந்தது. இதைப் பார்த்துக்கொள்ள இனி ஆளில்லையாம். அம்மையார் இணைத்ததை அழித்துவிட்டு, விலைக்கு வாங்கிய மென்பொருளைப் போட வேண்டுமாம். அதிலும் ஆண்டு ஜனவரியில்தான் தொடங்குகிறது. உள்ளே திறந்து திருத்த நமக்கு உரிமையும் கிடையாது. வயலில் மறுபடி தண்ணீர் நிற்கிற இந்தக் கார்த்திகையிலா இந்த வேலை?

தலைவர் அவர்களே, ஆளில்லையா? இதோ நிற்கிறேன்! நான் அழிக்க மாட்டேன். திருக்காட்டுப்பள்ளி முதல் வேதாரண்யம் வரை நம் கிளைக் கணினிகள் அத்தனையிலும் இன்று காலை இணையம் வழியே அதை, எதையும் புதுப்பிக்காமல் அவர் விட்டபடியே, நிறுவிவிட்டேன். என்னை வேலையைவிட்டு அனுப்பலாம். தை மாதச் சேதக் கணக்கை உழவர்கள் தங்கள் கையாலேயே ஓட்டுவார்கள்.

எழில்மொழி அம்மையாருக்காக எழுந்து சற்று நேரம் மௌனமாக நில்லுங்கள். அதற்குப் பிறகு யாரும் மௌனமாக இருக்காதீர்கள்.