இன்னொரு ஹெல்மெட்

லிஃப்ட்காரர்: ...இல்ல டாக்டர், பழைய பைக்குக்கு ஒன்பது லட்சம்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க. கேக்கவே பயமா இருக்கு.

டாக்டர்: புதுசு பதினெட்டு தம்பி. பாதிக்குப் பாதி தர்றேன்.

லிஃப்ட்காரர்: அதுதான் இன்னும் பயமா இருக்கு. நீங்க பல் டாக்டராச்சே, பல் பிடுங்கறதுக்கு முன்னாடியும் இப்படித்தான், 'ஒன்னுமே தெரியாது, வாயத் திறங்க'ம்பீங்க.

டாக்டர்: நீங்க என்ன வேலைன்னு சொன்னீங்க?

லிஃப்ட்காரர்: லிஃப்ட் ரிப்பேர். இந்தத் தெருவுல பாதிப் பேர் நம்ம கைய நம்பித்தான் மாடி ஏறுறாங்க.

டாக்டர்: அப்ப மெஷின் தெரியும். தொட்டுப் பாருங்க.

லிஃப்ட்காரர்: பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு ஜோடி டயர் எவ்வளவு ஆகும்?

டாக்டர்: நாப்பதாயிரம்.

லிஃப்ட்காரர்: என் ஸ்கூட்டர வித்தாலே அவ்வளவு வராது. பெட்ரோல்?

டாக்டர்: அதையெல்லாம் கேக்கறவங்க இந்த வண்டிப் பக்கமே வரக்கூடாது.

லிஃப்ட்காரர்: இப்படிக் குனிஞ்சே ஓட்டினா முதுகு என்னத்துக்கு ஆகும்? வீட்ல தெரிஞ்சா அது வேற. அவ பேசற பேச்சுக்கு நான் வீட்டுக்குள்ளயும் ஹெல்மெட்டோடதான் திரியணும்.

டாக்டர்: ...பேசறாங்களேன்னு சந்தோஷப்படுங்க.

லிஃப்ட்காரர்: உங்க வீட்டம்மாதான் வித்துடச் சொன்னாங்களா?

டாக்டர்: அவளுக்கு இந்த வண்டிய வந்த நாள்லேர்ந்தே பிடிக்காது.

லிஃப்ட்காரர்: எல்லா வீட்லயும் அதே கதைதான் போல. ஆமா... இது என்ன, வலது பக்கம் மட்டும் எல்லாம் புதுசு? பிரேக் லீவர், கால் வைக்கிற கம்பி, இந்தப் பெயிண்டு...

டாக்டர்: நிறுத்தி வச்சிருந்தப்ப சாஞ்சிடுச்சு.

லிஃப்ட்காரர்: ஸ்டாண்ட் இடது பக்கம்ல இருக்கு? நின்ன வண்டி சாஞ்சா இடது பக்கம்தானே சாயணும்?

டாக்டர்: நீங்க லிஃப்ட் பாக்கறீங்களா, போலீஸ்ல இருக்கீங்களா?

லிஃப்ட்காரர்: சும்மா கேட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க.

டாக்டர்: ஓட்டிப் பாருங்க, எல்லாம் தெரியும். இந்தாங்க, இதப் போட்டுக்கங்க.

லிஃப்ட்காரர்: என் ஹெல்மெட்டே இருக்கே?

டாக்டர்: இதத்தான் போடணும். உள்ள ஸ்பீக்கர், மைக் எல்லாம் இருக்கு. ஜோடியா வாங்கினது. முன்னாடி இருக்கறவரும் பின்னாடி இருக்கறவரும் பேசிக்கலாம்.

லிஃப்ட்காரர்: இன்னொன்னு எங்க?

டாக்டர்: மேல... அலமாரில இருக்கு.

லிஃப்ட்காரர்: இடது காதுகிட்ட ஒரு பட்டன் இருக்கே, இதுதான் ஆன் பண்றதா?

டாக்டர்: ஆன்லதான் இருக்கு. அதத் தொடாதீங்க. என்ன ஆனாலும் அணைக்காதீங்க, சரியா?

லிஃப்ட்காரர்: சரி சார். எந்தப் பக்கம் போகட்டும்? மெயின் ரோடா?

டாக்டர்: வேணாம். தண்ணித்தொட்டி தாண்டி கல்குவாரி ரோடு பிரியும். அது வழியா ஒரு சுத்து சுத்தி வாங்க.

லிஃப்ட்காரர்: அங்க லாரி ஓடுமே.

டாக்டர்: ஞாயித்துக்கிழமை ஓடாது. அந்த ரோட்லதான் இந்த வண்டி பெறுமா பெறாதான்னு தெரியும். போங்க... நான் இங்கயேதான் நிப்பேன்.

*

குரல்: கேக்குதா?

லிஃப்ட்காரர்: ...

குரல்: கேக்குதா? நான் பேசறது கேக்குதா?

லிஃப்ட்காரர்: கேக்குது மேடம். பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு.

குரல்: ...கேக்குதா?

லிஃப்ட்காரர்: நல்லா கேக்குதுங்க. நான் வண்டி பாக்க வந்தவன். நீங்க டாக்டர் வீட்டம்மாதானே?

குரல்: அப்பாடா. பதில் சொல்றீங்களே. மத்தவங்கெல்லாம் என் குரலக் கேட்டதும் பாதியிலயே வண்டியத் திருப்பிடுவாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எவ்வளவு சொன்னார்?

லிஃப்ட்காரர்: ஒன்பது.

குரல்: பாதி விலைக்கே கொடுத்துடறாரா? நீங்க வாங்க மாட்டீங்க.

லிஃப்ட்காரர்: ஏங்க அப்படிச் சொல்லிட்டீங்க?

குரல்: கை சொல்லுது. வாங்கப் போறவங்க குறை கண்டுபிடிக்கிற மாதிரி பிடிப்பாங்க. நீங்க ஆசையாப் பிடிச்சிருக்கீங்க.

லிஃப்ட்காரர்: மாடிலேர்ந்து இவ்வளவு தூரம் தெரியுதா? தண்ணித்தொட்டியே வந்துடுச்சே.

குரல்: கொஞ்சம் குனிஞ்சு உக்காருங்க. எனக்கு முன்னாடி ரோடு தெரியல.

லிஃப்ட்காரர்: நல்லா விளையாடறீங்க மேடம். முதுகு ஜில்லுங்குது.

குரல்: காத்து.

லிஃப்ட்காரர்: இருக்கும்... நீங்களே சொல்லுங்க, இந்த வண்டி அவ்வளவு விலை பெறுமா?

குரல்: வாங்கின அன்னைக்கு அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சார். அந்தச் சிரிப்புக்குப் பெறும். இங்க திரும்பணும்.

லிஃப்ட்காரர்: திரும்பிட்டேன். ரோடு காலியா இருக்கு. ஒரு தடவை முறுக்கிப் பாக்கட்டுமா?

குரல்: வேணாம்.

லிஃப்ட்காரர்: லேசா...

குரல்: வேகத்தக் குறைங்க. வலது பக்கம் வளைவு வருது. ஜல்லி கொட்டிக் கிடக்கு.

லிஃப்ட்காரர்: ஒன்னும் தெரியலையே.

குரல்: வளைஞ்சதுக்கு அப்புறம்தான் தெரியும். கேக்குதா? மெதுவா. கேக்குதா? மெதுவா, மெதுவா...

லிஃப்ட்காரர்: குறைச்சுட்டேன் மேடம், குறைச்சுட்டேன். பதறாதீங்க.

குரல்: இன்னும்.

லிஃப்ட்காரர்: ...அம்மாடி. ஆமா. ரோட்ட மூடிக் கிடக்கு. முறுக்கியிருந்தா நான் இப்ப அந்தப் பள்ளத்துல கிடப்பேன். உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?

குரல்: தாண்டிட்டீங்க.

லிஃப்ட்காரர்: நீங்க சொன்னதால தாண்டினேன்.

குரல்: இந்த வளைவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. மரமெல்லாம் இருக்கு.

லிஃப்ட்காரர்: அழறீங்களா?

குரல்: இல்ல. ஏன் நீங்க மட்டும் பயப்படாம பேசறீங்க?

லிஃப்ட்காரர்: என் வேலை அப்படி. ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுடும். உள்ள மாட்டிக்கிட்டவங்க ஸ்பீக்கர்ல முதல்ல இதத்தான் கேப்பாங்க, கேக்குதா கேக்குதான்னு.

குரல்: நீங்க என்ன சொல்வீங்க?

லிஃப்ட்காரர்: கேக்குது, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்னு சொல்வேன். அதுலயே பாதி பயம் போயிடும்.

குரல்: எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: உங்களுக்கு எதுக்குங்க?

குரல்: சொல்லுங்க.

லிஃப்ட்காரர்: ...கேக்குது மேடம். நான் இங்கதான் இருக்கேன்.

குரல்: அவர் சாப்பிட்டாரா?

லிஃப்ட்காரர்: அது உங்களுக்குத்தானே தெரியணும்? மேடம்... லைன்ல இருக்கீங்களா? மேடம்?

*

டாக்டர்: இருபத்திரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. வண்டி எப்படி?

லிஃப்ட்காரர்: வண்டி அருமை சார். உங்க வீட்டம்மா அதவிட அருமை.

டாக்டர்: அவ பேசினாளா?

லிஃப்ட்காரர்: என்ன சார், சுவத்தப் பிடிச்சுக்கிட்டீங்க? உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?

டாக்டர்: என்ன சொன்னா?

லிஃப்ட்காரர்: வழி சொன்னாங்க. அந்த வளைவுல அவங்க மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு வீடு போய்ச் சேந்திருக்க மாட்டேன். மேல போய் ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்.

டாக்டர்: மேல யாரும் இல்ல.

லிஃப்ட்காரர்: வெளிய கிளம்பிட்டாங்களா?

டாக்டர்: உக்காருங்க தம்பி.

லிஃப்ட்காரர்: இன்னொரு ஹெல்மெட்ட போட்டுக்கிட்டுதானே பேசினாங்க? அலமாரில இருக்குன்னீங்களே?

டாக்டர்: அது என்கிட்ட இல்ல. போலீஸ்ல கேஸுக்குன்னு எடுத்துட்டுப் போனாங்க. திருப்பித் தரல... மூணு வருஷம் ஆச்சு.

லிஃப்ட்காரர்: என்ன கேஸு?

டாக்டர்: நீங்க கண்டுபிடிச்சது சரிதான். வண்டி நின்னுக்கிட்டு சாயல. ஓடிக்கிட்டிருந்தப்ப வலது பக்கமா விழுந்துச்சு. அந்த வளைவுல.

லிஃப்ட்காரர்: பின்னாடி...

டாக்டர்: பின்னாடி அவ இருந்தா. எனக்குக் கையில அஞ்சு தையல். அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர்: சார்... குனிஞ்சு உக்காருங்க, ரோடு தெரியலன்னு சொன்னாங்க சார். நான் சிரிச்சேன்.

டாக்டர்: சாவிய அப்படி வைங்க. போறதுன்னா போங்க. எல்லாரும் போயிட்டாங்க.

லிஃப்ட்காரர்: எத்தன பேர்?

டாக்டர்: உங்களோட பன்னெண்டு. திரும்பி வந்ததும் 'வேணாம் சார்'னு ஹெல்மெட்டத் தரையில வச்சுட்டு ஓடிடுவாங்க. ஏதோ கேட்டிருக்காங்கன்னு முகத்தப் பாத்தாலே தெரியும். என்னன்னு கேட்டா வாய் திறக்க மாட்டாங்க.

லிஃப்ட்காரர்: நானும் ஓடியிருக்கணும். மாட்டிக்கிட்டவங்கள விட்டுட்டுப் போய்ப் பழக்கமில்ல... சார், ஒரு உண்மைய நானும் சொல்லிடறேன். நான் வாங்க வரல. ஒன்பது லட்சத்த நான் கண்ணாலயே பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா யார் வீட்டுக்காவது போய் ஒரு சுத்து ஓட்டிட்டு, யோசிச்சு சொல்றேன்னு நழுவிடுவேன்.

டாக்டர்: நீங்க டயர் விலை கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. பரவாயில்ல. நானும் விக்கல.

லிஃப்ட்காரர்: அப்ப விளம்பரம்?

டாக்டர்: விலையக் குறைச்சுப் போட்டாத்தான் ஆள் வருவாங்க. யாராவது ஒருத்தராவது வந்து, அவ என்ன சொல்றான்னு என்கிட்ட சொல்லிட மாட்டாங்களான்னுதான்.

லிஃப்ட்காரர்: நீங்களே போட்டுக்கிட்டு ஓட்டலாமே?

டாக்டர்: வாரம் தவறாம ஓட்டறேன். இதே ஹெல்மெட். இதே ரோடு. வெறும் காத்து சத்தம்தான். என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறா.

லிஃப்ட்காரர்: கோவமா இருக்கற மாதிரித் தெரியலையே சார். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க.

டாக்டர்: ...வேற?

லிஃப்ட்காரர்: மெதுவா, ஜல்லி கிடக்குன்னாங்க. நடுவுல நடுவுல கேக்குதா, கேக்குதான்னு. ஒருத்தருக்கும் கேக்கலையோங்கிற மாதிரி, திரும்பத் திரும்ப அதத்தான்.

டாக்டர்: கேக்குதான்னா?

லிஃப்ட்காரர்: ஆமா. எனக்கு ஒன்னுதான் புரியல சார். வளைவு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே சொல்லிட்டாங்க. அன்னைக்கும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க? இதே ஹெல்மெட்தானே உங்க தலையில இருந்துச்சு?

டாக்டர்: இதேதான்.

லிஃப்ட்காரர்: அப்ப உங்க காதுல விழலையா?

டாக்டர்: வீட்ட விட்டுக் கிளம்பினதுலேர்ந்து மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு ஒரே நச்சரிப்பு தம்பி... தண்ணித்தொட்டிகிட்டயே அந்தப் பட்டன அமுக்கி அணைச்சுட்டேன்.