வெள்ளைக் கோடு காத்த அரியமுத்து அண்ணனுக்கு

கொள்ளிடக் கரை காத்த கோமகனே, கழி பிடித்த கையால் கணக்கற்றோரைக் கரைசேர்த்த கருணையாளரே, பிடாரித்துறை ஓடத்தைப் பெற்ற பிள்ளையாய்ப் பேணிய பெருந்தகையே, பணி ஓய்வு பெறும் எங்கள் அரியமுத்து அண்ணனே, வணக்கம்.

அவைக்கு வந்திருக்கும் அன்பு மக்களே, மாலை போடுமுன் இவர் பட்டதைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

சாவுக்குப் போகிறவரையும் பிள்ளைவலிக்காரியையும் ஆற்றங்கரையில் நிறுத்திவைக்கக் கூடாது என்பது நம் துறையின் பழைய வழக்கம். எழுபத்தேழு ஐப்பசியில் அந்த வழக்கப்படியே, கும்பிட்டுக் கெஞ்சிய துக்கக்காரர்களை ஏற்றிக்கொண்டு பெருவெள்ளத்தில் ஓடம் விட்டார். நடு ஆற்றில் கவிழ்ந்தது. கரையேறியவர்களில் இவர் ஒருவர்; ஏறாதவர்களின் பெயர்களைப் படுக்கப் போகுமுன் இன்றும் சொல்லிக்கொள்கிறவர்.

அதன்பிறகுதான் ஒன்றிய அலுவலகத்தார் விதியை மாற்றினார்கள். படித்துறைக் கல்லில் வெள்ளைக் கோடு போட்டார்கள். தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் ஓடத்தைச் சங்கிலியில் பூட்டிவிட வேண்டும். எவருக்காகவும் அவிழ்க்கக் கூடாது.

மறுவருஷ மழையில் கோடு முழுகிக் கிடந்தபோது ஒரு கூண்டுவண்டி வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவர் மருமகன் செல்லக்கண்ணு.

“மாமா, ஒங்க மவதான் உள்ள துடிக்குது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போவணும். சங்கிலிய அவுத்து வுடுங்க.”

“கோடு முழுவிப் போச்சு மாப்ள. திருமானூர்ப் பாலம் சுத்திப் போயிடுங்க.”

“ஊரான் வூட்டு எழவுக்கு வுட்டீங்களே மாமா?”

சாவி மடியில்தான் இருந்தது. அரியமுத்து மடியைத் தொட்டார். கவிழ்ந்த ஓடம் கண்ணுக்குள் வந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

வண்டிக்குள்ளிருந்து மகள் சிந்தாமணியின் குரல் மட்டும் வந்தது. “அப்பா வுடாதுன்னா வுடாது. மாட்டத் திருப்புங்க.”

வண்டி பாலம் ஏறுமுன் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து விதி மறுபடி மாறியது. பிரசவ வலிக்கு மட்டும், கயிறு கட்டி, கூடுதல் ஆளோடு ஓடம் விடலாம் என்று ஒன்றிய அலுவலக எழுத்தர் குருநாதன் துறைக்கு வந்து வாசித்தார்.

“அப்ப அன்னிக்கு நான் செஞ்சது தப்புங்களா சார்?” என்று கேட்டார் அரியமுத்து.

குருநாதன் தாளை மடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணே, அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தோம். கோடு வந்தபின் நம் துறை ஓடம் ஒரு உயிரையும் ஆற்றுக்குக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் எழுதத் தெரிகிறது. நீடூழி வாழ்க என்பது மரபு. மழை கொட்டும் இரவுகளில் நீங்கள் கண்ணயர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். இடி இடித்தால் இப்போதும் எழுந்து துறைக்கு நடக்கிறீர்கள் என்று குஞ்சம்மாள் அண்ணி சொல்கிறார். இனி நடக்க வேண்டாம். கோடு முழுகியதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் நிழலில்,
பிடாரித்துறை ஓட ஊழியர்கள்
திருமழபாடி அருகில், 30.6.1986