இல்லை என்று சொல்லத் தெரியாத புரோகிராம்

சித்ராதேவி: ...அதெல்லாம் முடியாதுங்க குகன். பாஸ் போட மாட்டேன்.

குகன்: ஏனுங்க சித்ரா, எல்லா டெஸ்ட்டும் பாஸாகிப் பச்சையாத்தானே இருக்குது?

சித்ராதேவி: அதுதாங்க சந்தேகமா இருக்குது. சிவப்பு விழ வேண்டிய இடத்துலயும் பச்சை விழுகுது.

குகன்: புரோகிராம் எழுதறவன் நானு, பச்சையைப் பார்த்தா சிரிக்கறேன். டெஸ்ட் பண்றவங்க நீங்க, அழுகறீங்க.

சித்ராதேவி: அழுகறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளமே.

குகன்: விளையாடாதீங்க. பன் பட்டர் ஜாம் வாங்கித் தர்றேன், பாஸ் போட்டுருங்க. அஞ்சு மணிக்குக் கிளம்போணும். நாளைக்குக் கணியூர் போறோமுங்க.

சித்ராதேவி: கணியூரா? எங்கூருக்கா? எதுக்குங்க?

குகன்: பொண்ணு பார்க்க.

சித்ராதேவி: ம்... யாரு ஊட்டுலீங்க?

குகன்: பொன்னுச்சாமின்னு ஒருத்தருங்களாமா. தெரியுங்களா?

சித்ராதேவி: தெரியும்... ஏதோ தெரியும். பொண்ணு போட்டோ பார்த்தீங்களா?

குகன்: அதெல்லாம் அம்மா பார்த்துக்குவாங்க.

சித்ராதேவி: அட சாமி! கட்டிக்கப் போறது உங்கம்மாவா, நீங்களா?

குகன்: அதை விடுங்க. டெஸ்ட்டுக்கு வாங்க. என்ன தப்பு?

சித்ராதேவி: பனியன் கம்பெனிக்கு நீங்க எழுதுன டிபென்டென்ஸி இன்ஜெக்ஷன் ஃபிரேம்வொர்க் இருக்குதுல்ல...

குகன்: தூக்கத்தைக் கெடுத்துட்டு எழுதுனதுங்க.

சித்ராதேவி: அது தெரியுது, தூக்கக் கலக்கம் ஒவ்வொரு வரியிலயும் இருக்குது. அதோட வேலை என்னங்க? பெட்டி போடற வேலையைப் பார்க்கற பேக்கிங் மாட்யூல் தனக்கு வேணுங்கறதைத் தேடித் திரியக் கூடாது. இன்னது வேணும்னு கேட்கோணும், ஃபிரேம்வொர்க் கொண்டாந்து கையில கொடுக்கோணும்.

குகன்: டெய்லர் மெஷினை விட்டு எந்திரிக்காம, ஹெல்பர் காலரை எடுத்துக் கொடுக்கற மாதிரி. இது எனக்குத் தெரியாதுங்களா?

சித்ராதேவி: சரி, டெய்லர் காலர் கேட்கறாங்க. ஹெல்பர் கை முனைக்கு வைக்கற கஃபை எடுத்துக் கொடுத்தா?

குகன்: ரெண்டும் இழுத்தா நீள்ற ரிப் துணிதானே, சமாளிச்சு...

சித்ராதேவி: சமாளிச்சுக் கழுத்துல வெச்சுத் தெச்சு அனுப்புவீங்களா? தலை நுழையுமா?

குகன்: ...நுழையாதுங்க.

சித்ராதேவி: அதைத்தான் உங்க ஃபிரேம்வொர்க் பண்ணுது. பேக்கிங் மாட்யூல் பார்கோடு பிரிண்டரைக் கேட்குது. டெஸ்ட்டுக்காக வேணும்னே அதை ஃபிரேம்வொர்க் லிஸ்ட்டுல பதிவு பண்ணாம விட்டேன். இல்லைன்னு எரர் வரோணுமில்ல? வரலை. ஆபீஸ்ல பில் அடிக்கற பிரிண்டரைக் கொண்டாந்து பவ்யமா நீட்டுது!

குகன்: அதுவும் பிரிண்டர்தானுங்களே.

சித்ராதேவி: என்ன டைப்பு கேட்டமோ அந்த டைப்புத்தான் வரோணும். உங்க டெஸ்ட்டைப் பாருங்க. ஏதோ ஒண்ணு வந்தா பச்சை. வந்தது எந்த டைப்புன்னு பார்க்கவே இல்லை. திங்கக்கிழமை பனியன் கம்பெனியில இது ஓடுனா, பெட்டி மேல பார்கோடே இருக்காது. சரக்கு போன வேகத்துல திரும்பி வரும்.

குகன்: அந்தக் கம்பெனி மேனேஜர்தாங்க கேட்டாரு. எது இல்லைன்னாலும் லைன் நிக்கக் கூடாது, கிட்டத்தட்ட இருக்கறதைக் கொடுத்துருன்னு...

சித்ராதேவி: நீங்களும் ஆகட்டுங்கன்னீங்க.

குகன்: பெரிய மனுசன் கேட்கறாரு, முடியாதுன்னு எப்படீங்க...

சித்ராதேவி: நம்ம பக்கத்து வியாதிங்க இது. முடியாதுங்கறதுக்கு ‘பார்க்கலாமுங்க’. வேண்டாங்கறதுக்கு ‘ஆகட்டுமுங்க’. மனுசங்க சொன்னா அர்த்தம் புரிஞ்சுக்குவோம். புரோகிராமுமா மரியாதை பார்க்கோணும்?

குகன்: சரிங்க, சரிங்க. கிட்டத்தட்ட இருக்கறதைக் கொடுக்கற அந்த வரியைத் தூக்கிட்டேன். டெஸ்ட்லயும் டைப்பை எழுதிட்டேன். ஓட்டுங்க.

சித்ராதேவி: ஓட்டறேன்... திரையை மேல தள்ளாதீங்க, நானே பார்க்கறேன்...

குகன்: எரர் வந்துருச்சு!

சித்ராதேவி: ‘பார்கோடு பிரிண்டர் கேட்டீர்கள், அது இங்கே இல்லை.’ ஆஹா! எதிர்பார்த்த எரர் வந்துருச்சு, அதனால டெஸ்ட் பாஸ். இதுதாங்க நெசமான பச்சை.

குகன்: எரருக்குக் கை தட்டற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். கிளம்பட்டுங்களா?

சித்ராதேவி: இருங்க... அந்த ஊட்டுப் பொண்ணை எனக்குத் தெரியும்.

குகன்: அப்படீங்களா! எப்படீங்க புள்ளை?

சித்ராதேவி: வாய் ஜாஸ்தி.

குகன்: கோபம்?

சித்ராதேவி: மூக்கு மேலயே உட்கார்ந்திருக்கும்.

குகன்: சமையலு?

சித்ராதேவி: சுடுதண்ணி நல்லா வைக்கும்.

குகன்: பரவாயில்லீங்க, ஆகட்டும்.

சித்ராதேவி: பார்த்தீங்களா, மறுபடியும் ஆகட்டும்! புரோகிராமைச் சரி பண்ணிட்டீங்க, நீங்க அப்படியேதான் இருக்கறீங்க. போனை எடுங்க. நாளைக்கு வரலைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லுங்க.

குகன்: மாட்டேனுங்க.

சித்ராதேவி: பயமா?

குகன்: பயமெல்லாம் இல்லீங்க. சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

சித்ராதேவி: எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க குகன். யாரு கை காட்டுனாலும் போயி உட்கார்ந்து, காப்பியைக் குடிச்சுட்டுத் தலையாட்டற ஆளு எனக்கு வேண்டாம்!

குகன்: உங்களுக்கா?

சித்ராதேவி: பொன்னுச்சாமி எங்கப்பாதானுங்க. நாளைக்கு நீங்க பார்க்க வர்ற பொண்ணு நாந்தான். எங்கம்மா சொன்னதுல இருந்து எனக்குச் சந்தோசம் தாங்கலை. ஆனா நீங்களா வர்றீங்களா, இழுத்துட்டு வர்றாங்களான்னு தெரியாம சோறு எறங்கலைங்க. இப்பத் தெரிஞ்சு போச்சு. அம்மா சொன்னாங்கன்னு வர்றதா இருந்தா நீங்க வரவே வேண்டாம்.

குகன்: குண்டடத்துல ஒரு இடம், உடுமலையில ஒரு இடம், ரெண்டையும் அம்மாகிட்ட வேண்டவே வேண்டாம்னுட்டேனுங்க. கணியூர்ல பொன்னுச்சாமி ஐயா ஊட்டுல போயிச் சித்ராவைக் கேளும்மான்னு பஸ் ஏத்தி அனுப்புனதே நாந்தானுங்க.