ஒரு சிங்கத்துக்கு ரெண்டு கடை

அளக்கிறதைப் பிறகு அளக்கலாம் பழனிவேல், முதல்ல தேத்தண்ணியைக் குடியும். ஓம், போர்ட் எழுதத்தான் கூப்பிட்டனான், ஆர் இல்லையெண்டது? பக்குரங்காவிலையிருந்து ஒனிஹங்கா மட்டும் வந்தனீர், பத்து நிமிஷம் இருக்கேலாதே?

எதைப் பாக்கிறீர்? மூலையிலை நிக்கிற பேஜோக் காரையோ? தூ! என்ர தம்பி ஜெயரட்ணம் விட்டிட்டுப் போனது. தூசியே இல்லையெண்டோ? ஆரோ துடைச்சிருப்பினம்.

உந்தக் கார்க் கொம்பனி ஆரெண்டு தெரியுமே? மிளகு அரைக்கிற மெஷின் செஞ்ச குடும்பமையா! பகிடியில்லை. பிரான்ஸிலை மில் வைச்சிருந்தவங்கள், அதை உருக்குப் பட்டறையாக்கி வாள் செஞ்சாங்கள். சண்டை வாள் இல்லை, மரம் அரியிற வாள். பிறகு கோப்பி அரைக்கிறது, மிளகு அரைக்கிறது, பொம்பிளையளின்ர பாவாடை விரிஞ்சு நிக்க உள்ளுக்கை வைக்கிற கம்பி. எங்கட அப்பாவும் சாவகச்சேரியிலை மிளகாய் மில் வைச்சிருந்தவர்தான். அதுக்காக நாங்கள் கார் செஞ்சனாங்களே?

காரின்ர முன்னுக்கு இருக்கிற அந்தச் சிங்கமோ? அதுவும் வாளிலை குத்தின முத்திரைதான். வாளின்ர பல்லு சிங்கப்பல்லு மாதிரியாம். எங்கட ஆக்களுக்கு, நாட்டுக் கொடியாலை, சிங்கத்தைக் கண்டாலே ஆகாது, தம்பி அதைத் தடவித் தடவிப் பளபளப்பாக்குவான். நான் இஞ்ச ஜப்பான் காரோட மாரடிக்க, அவன் பேஜோவுக்குக் கீழ படுத்துக்கொண்டு இந்தப் புராணத்தைத்தான் ஓதுவான். நாலு வருஷம்! எனக்குப் பாடமாப்போச்சு.

மிச்சத்தையும் கேளும். அந்தக் குடும்பத்திலை ஒருத்தனுக்குக் கார் விசர். முதல் பெற்றோல் காருக்கு எஞ்சின்கூட இன்னொரு கொம்பனியின்ர. பெரியப்பன்ர மகன் சொன்னான், உது எங்களுக்கு வேண்டாம், மற்றத் தொழில் காணுமெண்டு. அவன் மனுசன்! விசரன் கேக்கேல்லை, தொண்ணூத்தாறிலை தனிக் கொம்பனி துடங்கினான். இப்ப இல்லையையா, ஆயிரத்தெண்ணூத்துத் தொண்ணூத்தாறு. பத்து வருஷத்தாலை என்ன? வேண்டாமெண்டவன்ர பெடியளே கார் செய்ய வெளிக்கிட்டிட்டாங்கள், பேருக்கு முன்னால சிங்கத்தைச் சேத்து. ஒரு குடும்பம், ஒரு பேர், ரெண்டு கடை. வெக்கங்கெட்டதுகள்.

நான் அப்பிடி விடேல்லை. ஜெயரட்ணம் த்ரீ கிங்ஸிலை தனிக் கராஜ் போடப்போறன், அப்பான்ர பேரைத்தான் வைப்பனெண்டு வந்து நிண்டான். வெளியிலை பாரும், ஏரம்பமூர்த்தி மோட்டர்ஸ். அது மூத்தவன்ர கடைப் பேர், நீ அதைத் தொடப்படாதெண்டு சொன்னனான். காரையும் விட்டிட்டுப் போனான். மூண்டு வருஷமா அவன்ர கடையிலை பிரெஞ்சுக் கார் ரிப்பேர் எண்டு மட்டும் கிடக்கு. அவருக்கு ரோஷமாம்!

ஆமா ஆமா எண்டு தலையாட்டாதையும். அங்க போனா அவனுக்கும் ஆட்டுவீர்.

அப்பான்ர திவசமும் அவன் அங்க, நான் இஞ்ச. ஒரு தேப்பனுக்கு ரெண்டு திவசம்! மிளகு அரைச்சவங்களே பதினாலு வருஷத்திலை திரும்ப ஒண்டாச் சேந்திட்டாங்கள். விசரனுக்குத் தொழிலைப் பாக்க மகன் இல்லை, அதாலையும்தான்.

இந்த வருஷம் அவனுக்குச் செய்யிற ஐயர் இந்தியாவுக்குப் போட்டார். இருக்கிறவர் சொல்லிப்போட்டார், ஒரு திதியிலை ரெண்டு இடத்துக்கு ஓட என்னாலை ஏலாது, ரெண்டு பேரும் ஒரு இடத்திலை இருங்கோ எண்டு. இருந்தம். தர்ப்பையைப் போட்டுக்கொண்டு, பக்கத்திலை பக்கத்திலை, முகம் பாராமல். ஐயர் முதல்ல அவனைத்தான் கேட்டார், தகப்பன்ர பேரைச் சொல்லுங்கோ எண்டு.

அவன் சொல்லேல்லை. திரும்பி என்னைப் பாத்தான். சொல்லட்டோ எண்டு கேக்கிற மாதிரி. பெத்த தேப்பன்ர பேரைச் சொல்ல, என்னட்டை அனுமதி ஐயா! நானும் ஒரு மனுசனெண்டு மூத்தவன் இடத்திலை குந்தியிருக்கிறன்.

குடியும், தேத்தண்ணி ஆறுது. ஏன் அந்தச் சுவரை அளக்கிறீர்? போர்ட் இஞ்சைக்கில்லை, த்ரீ கிங்ஸுக்கு. ஏரம்பமூர்த்தி எண்டு பெரிசா எழுதும், இஞ்ச இருக்கிறதைவிடப் பெரிசா. பக்கத்திலை ஒரு சிங்கம் கீறும். கீறத் தெரியும்தானே? பூனை மாதிரிக் கீறிப்போடாதையும், அவன் என்னைத்தான் நக்கலடிப்பான்.