ஏரி நிறத்தில் ஒரு மோதிரம்

கீர்த்தனா: அம்மா, ஜன்னல்கிட்ட நின்னது போதுமுங்க. மோதிரத்தைத் தூக்கிட்டு ஓடப் போறீங்கன்னு கடைக்காரங்க நெனச்சுக்குவாங்க.

வேலாத்தாள்: இரு கண்ணு. சாயப்பட்டறையில இருபது வருசமா நெறம் பாக்கறவ நானு. ட்யூப்லைட்ட நம்பி எந்தத் துணிக்கும் ஓகே சொன்னதில்ல. பகல் வெளிச்சத்துல பாக்கோணும்...

கீதாஞ்சலி: தாராளமாப் பாருங்கம்மா. நகை காட்டறது மட்டுந்தான் என் வேலை. துணிக்காரங்க எல்லாருமே அந்த ஜன்னலுக்குத்தான் போவாங்க.

வேலாத்தாள்: ஏங்கண்ணு, இது இத்தனை வெளுத்திருக்குதே... தங்கத்தைக் கம்மியாப் போட்டுட்டாங்களா?

கீதாஞ்சலி: இல்லீங்கம்மா. மஞ்சள், சிவப்பு, வெள்ளை... இந்த மூணுமே பதினெட்டு கேரட்டுங்க. ஆயிரம் பங்குல எழுநூத்தி அம்பது பங்கு தங்கம். மிச்சத்துல செம்பு தூக்கலா இருந்தாச் சிவக்கும், பல்லேடியம்னு ஒரு வெள்ளை உலோகம் சேர்ந்தா வெளுக்கும்.

வேலாத்தாள்: அட... ஒரே நூலு, மூணு சாயம்!

கீதாஞ்சலி: அதேதாங்க. இருபத்திரண்டு கேரட்டுன்னா ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துப் பதினாறு பங்கு. வேற நெறம் ஏத்த அதுல எடமில்ல, மஞ்சளாத்தான் நிக்கும்.

கீர்த்தனா: அப்ப அதையே எடுங்மா. எனக்குத்தான வாங்கறீங்க? எனக்கு மஞ்சள்தான் புடிக்கும்.

வேலாத்தாள்: உனக்குத்தான்... ஆனா வெள்ளையே இருக்கட்டும்.

கீர்த்தனா: பாக்கறவங்க வெள்ளின்னு நெனச்சுக்குவாங்க.

வேலாத்தாள்: நெனச்சுக்கட்டுமே...

கீர்த்தனா: அப்பா தவறிப் போன இந்த எட்டு வருசத்துல நீங்க பொட்டுத் தங்கம் தொட்டதில்ல. இப்ப என்ர மோதிரத்தை உங்க வெரல்ல போட்டு அளவு பாக்கறீங்க?

வேலாத்தாள்: ரெண்டு பேருக்கும் ஒரே வெரலு.

கீர்த்தனா: என்ர வெரலு உங்க வெரல்ல பாதிங்மா!

வேலாத்தாள்: கிண்டல் பண்ணாத சாமி... இங்க பாரு. விடியறதுக்கு முன்னால சாமளாபுரம் ஏரி இந்த நெறத்துலதான் கெடக்கும். வானம் எது, தண்ணி எதுன்னு தெரியாது. ஒரு வார்த்தை பேசினாக்கூட எல்லாம் கலைஞ்சிருமோன்னு இருக்கும்...

கீர்த்தனா: அந்நேரத்துல ஏரிக்கு யாரு கூடப் போனீங்க?

வேலாத்தாள்: ...நடக்கத்தான். டாக்டர் நடக்கச் சொன்னாரு.

கீர்த்தனா: திருப்பூர்ல இருந்து சாமளாபுரம் வரைக்குமா? அத்தனை தூரம்?

கீதாஞ்சலி: ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேங்கம்மா. இந்த வெள்ளைக்கு மேல பளிச்சுனு இருக்க ரோடியம்னு இன்னொரு உலோகம் பூசியிருக்கு. ரெண்டு வருசத்துல தேஞ்சிரும். அப்ப லேசா ஒரு மஞ்சள் எட்டிப் பாக்கும்.

வேலாத்தாள்: தங்கம்னு... தெரிஞ்சிருமா?

கீதாஞ்சலி: தங்கம்தானேங்கம்மா. கொண்டு வந்தா மறுபடி பூசித் தருவோம்.

வேலாத்தாள்: பக்கத்து ஊட்டுக்காரங்களுக்குத் தெரியும்... பட்டறையில தெரியும்...

கீர்த்தனா: என்ர மோதிரம் தெரிஞ்சா யாருக்கு என்னங்மா?

வேலாத்தாள்: ரெண்டு வருசத்துக்கொருக்கா பூசிப் பூசி மறைக்கறதா... சாயம் போற துணியை நான் ஒரு நாளும் பாஸ் பண்ணினதில்ல. ஏங்கண்ணு கீதாஞ்சலி, இதை எடுத்து வெச்சிரு. இருபத்திரண்டு கேரட்டு எடு. நல்ல மஞ்சளா. என்ர அளவுக்கு.

கீர்த்தனா: உங்க அளவுக்கா?

வேலாத்தாள்: உனக்கில்ல கண்ணு. வர்ற வியாழக்கிழமை... ரெஜிஸ்டர் ஆபீஸுல... சாமளாபுரத்துத் தனபாலும் நானும்... கோவமா சாமி?

கீர்த்தனா: வியாழக்கிழமைக்கு நான் லீவு சொல்லிப் பத்து நாளாச்சுங்மா. சாட்சிக் கையெழுத்துப் போடற மூணு பேருல நானும் ஒருத்தி. தனபால் மாமா நேர்ல வந்து கேட்டாரு... நீங்களாச் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாருங்க.